மெக்சிகோவுக்கு வடக்கே

ஜூன் 4

புத்தகங்கள் வந்துவிட்டன. சுங்கத்தில் ஒரு வாரம் கிடந்திருக்கின்றன. உள்ளே தங்கம் இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒரு அட்டையின் மூலையைக் கீறிப் பார்த்திருக்கிறார்கள். மடையர்கள்.

இரண்டு நூல்கள். ஒன்று வட அமெரிக்க வண்டுகளை இனம் காணும் கீ. செங்கல் கனம். இன்னொன்று அட்டவணை: எந்த வண்டு, யார் பெயர் வைத்தது, எந்த மாநிலம், எந்த மரம். செத்துப்போன ஒரு அமெரிக்கக் கிழவரின் வீட்டிலிருந்து பழைய புத்தகமாக விற்பனைக்கு வந்தவை. கிழவருக்குச் சிவப்புப் பென்சில் வியாதி இருந்திருக்கிறது. முன்னுரையில்கூடக் கோடு, ஒரே வரிக்கு இரண்டு தடவை. முன்னுரையை யார் படிக்கிறார்கள்? தள்ளிவிட்டு நேராகக் கீக்குப் போனேன்.

கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஞானமுத்து அண்ணாச்சிதான் பார்சலை மாடிக்குத் தூக்கி வந்தார்.

“என்ன தம்பி, பைபிளா?”

“வண்டுக்குப் பேரு கண்டுபிடிக்கிற புத்தகம் அண்ணாச்சி.”

எப்படி என்று கேட்டார். சொன்னேன். கீ என்றால் இரண்டிரண்டாகக் கேள்விகள். உணர்கொம்பின் நுனி தடித்திருக்கிறதா? ஆமாம் என்றால் ஏழாம் கேள்விக்குப் போ. இல்லை என்றால் பன்னிரண்டுக்குப் போ. இப்படியே போனால் கடைசியில் ஒரு பெயர் வரும்.

“பேரு தெரியலன்னு சொல்லவே சொல்லாதா?”

“சொல்லாது. அதுக்குத்தானே புத்தகம்.”

“நம்ம ஏட்டையா மாதிரின்னு சொல்லுங்க. யாரக் கொண்டு நிறுத்துனாலும் அவர்கிட்ட ஒரு கேஸ் இருக்கும்.” சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அறையோடு சேர்த்துக் கொடுத்த மாம்பலகை அலமாரியில் இரண்டையும் வைத்தேன். தொட்டால் ஆடுகிறது. வாடகைக்கு ஏற்ற அலமாரி.

ஜூன் 7

குழாயில் தண்ணீர் இல்லை. பக்கெட்டில் மிச்சமிருந்ததில் சட்டையை மட்டும் அலசினேன்.

வேதரத்தினம் சார் இன்றும் வண்டின் குடும்பப் பெயரோடு நிறுத்தினார். அவர்தான் எங்கள் பரிசோதனைக்கூடத்தின் தலைவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் பூச்சி பார்ப்பது எங்கள் தொழில். எதைக் கொண்டுவந்தாலும் இவர் அறிக்கை ஒன்றுதான்: “பொடிவண்டுக் குடும்பம். புகைமூட்டி விடுவிக்கலாம்.”

“இனம் என்னன்னு பாக்க வேண்டாமா சார்?”

“பாத்து? புகை போட்டா எல்லாம் சாவப்போவுது. சாவுறதுக்கு இனிஷியல் எதுக்குப்பா?”

இவரிடம் வேலை பார்க்கத்தான் பூச்சியியலில் முதுகலை படித்தேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மூன்று வருடமாக எழுதுகிறேன். மூன்று வருடமாக ஒரே பதில்: “வெளியீடுகள் போதாது.” இங்கே உட்கார்ந்து எதை வெளியிடுவது? புளியங்கொட்டைப் பூச்சியையா?

ஜூன் 12

துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் முழுநாள். கொழும்புக்குப் போகவேண்டிய மாம்பலகைப் பெட்டிகளைக் கூரை வரை அடுக்கிவைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு நடுவே நெளிந்து போவதற்குள் சட்டை கிழிந்தது. அன்றைக்கு அலசிய அதே சட்டை.

பார்க்கவேண்டியது அமெரிக்காவிலிருந்து வந்த ஆஷ் மரப் பலகைகள், ஒரு கண்டெய்னர். லாரி ஸ்டிரைக் என்று வாரக்கணக்கில் அந்தப் பெட்டிகளின் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. சொந்தக்காரர் ஃபிலோமினா மச்சாது. மரவாடி வைத்திருக்கிறார். இதுவரை கொச்சிக்காரர்களிடம் மரம் வாங்கி அறுத்தவர், முதல் தடவையாகத் தன் பெயரிலேயே நேராக இறக்கியிருக்கிறார். கடற்கரை ஊர் ஒன்றில் புதிதாகக் கட்டியிருக்கும் மாதா கோயிலுக்கு அத்தனை பெஞ்சும் இந்த மரத்தில்தான். ஆகஸ்டில் கொடியேற்றம்.

நான் பலகைகளுக்கு இடையே டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோது மச்சாது அக்கா பின்னால் வந்து நின்றார்.

“என்ன தம்பி, கம்மல் தொலைஞ்ச மாதிரி தேடுதிய?”

“பூச்சி இருக்கு.”

“மரம்னா பூச்சி இருக்கும், மனுசன்னா பேன் இருக்கும். மருந்தடிச்சு விட்டுருங்க. காட்டுங்க பாப்போம்.”

அதற்குள் சாராயக் குழாயில் போட்டு சீல் வைத்துவிட்டேன். சீல் வைத்த மாதிரியைக் காட்டக் கூடாது, அது விதி. சொன்னேன்.

“கல்யாணப் பொண்ணக்கூட காட்டுதாவ, வண்டக் காட்டமாட்டியளாக்கும்” என்றார். அவர் ஆட்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையில் புதிய துளைகள் இருந்தன. ஆழமில்லை, ஆனால் புதியவை.

ஜூன் 13

கிடைத்துவிட்டது.

நுண்ணோக்கியில் காலையிலிருந்து உட்கார்ந்தேன். கீ வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இறங்கியது. உணர்கொம்பில் கடைசி மூன்று கணு தடித்தவை: ஆமாம். தலை மேலிருந்து பார்த்தால் மறைந்திருக்கிறது: ஆமாம். மேல்சிறகின் பின்சரிவில் முட்கள்: ஆமாம். கடைசியில் பெயர். அட்டவணையைத் திறந்தேன். அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்கள். மரம்: ஆஷ். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரே ஓர் இடத்தில் இடித்தது. உடல் நீளம் புத்தகத்தில் சொன்னதைவிடக் குறைவு. நிறமும் கொஞ்சம் வெளுப்பு. சத்தில்லாமல் வளர்ந்த பிராணி என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

இந்தியாவில் இந்த இனம் பதிவாகவே இல்லை. நான்தான் முதல்.

புத்தகத்தைத் தினமும் பையில் கொண்டுபோய்க் கொண்டுவருகிறேன். கூடத்தில் வைத்தால் எவனாவது மேலே டீ டம்ளர் வைப்பான். அலமாரியிலிருந்து எடுக்கும்போது அட்டை மேல் மாவு மாதிரி தூசி. இந்த ஊர்க் காற்று அப்படி. துடைத்தேன்.

ஜூன் 14

“குடும்பத்தோட நிறுத்திரு சேர்மக்கனி” என்றார் வேதரத்தினம் சார்.

“சார், இந்தியாவுக்குள்ளயே வராத இனம் இது.”

“அதனாலதான் சொல்லுதேன், நிறுத்து.”

“தெரிஞ்சதத் தெரியாதுன்னு எழுதச் சொல்றீங்களா?”

கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். “உறுதியா?”

“ஒவ்வொரு படியும் படம் எடுத்து வச்சிருக்கேன்.”

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, “என் மருமவனும் இப்படித்தான், எல்லாத்துக்கும் படம் வச்சிருப்பான்” என்றார். என்ன அர்த்தமோ.

ஜூன் 21

உத்தரவு வந்துவிட்டது. பதிவாகாத அயல்நாட்டுப் பூச்சி என்பதால் புகைமூட்டி விடுவிக்க முடியாது. ஒன்று, வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பவேண்டும். இல்லையென்றால் எரிக்கவேண்டும்.

மச்சாது அக்கா கூடத்துக்கே வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

“அதுக்குப் பேரு என்னவா இருந்தா எனக்கென்ன தம்பி? புகை போட்டா சாவுமா, சாவாதா?”

“சாகும். ஆனா ஒண்ணு தப்பிச்சாலும் நாடு முழுக்கப் பரவும். ரிஸ்க் எடுக்க முடியாது.”

“திருப்பி அனுப்புத கூலிக்கு நான் மரவாடியவே வித்தாகணும். எரிச்சா, மரத்துக்கு வாங்குன கடனுக்கு விக்கணும். ரெண்டுல எது நல்லதுன்னு ஒங்க புத்தகத்துல போட்டிருக்கா?”

இது உணர்ச்சி வாதம். அறிவியலில் இதற்கு இடமில்லை என்று சொன்னேன். அந்த வாக்கியம் சரியானதுதான்.

ஜூன் 27

அமெரிக்கப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதியிருந்தேன். பதில்! மாதிரிகளை அனுப்பச் சொல்லியிருக்கிறார். சேர்ந்து கட்டுரை எழுதலாமாம். ஜனவரியில் அவர் ஆய்வகத்தில் ஓர் ஆய்வு மாணவர் இடம் காலியாகிறதாம்.

மெஸ்ஸில் மீன்குழம்பு. இரண்டாம் தடவை சோறு வாங்கினேன்.

ஜூலை 3

மாதிரிகளைத் தபாலில் சேர்த்தேன்.

டியூப்லைட்டில் சின்னச் சின்ன வண்டுகள் மோதிக்கொண்டே இருந்தன. ஒன்று தட்டில் விழுந்தது. தூக்கி எறிந்துவிட்டுச் சாப்பிட்டேன். வேலை நேரம் முடிந்தபிறகு வண்டைப் பார்க்க எனக்கென்ன சம்பளமா தருகிறார்கள்?

புத்தகத்தின் மேல் மறுபடியும் அந்தத் தூசி. ஜன்னலை மூடிவைத்தும் வருகிறது.

ஜூலை 9

எரிப்பதற்கு இருபதாம் தேதி குறித்திருக்கிறார்கள். மச்சாது அக்கா மேல்முறையீடு எழுதினாராம். அறிக்கை தெளிவாக இருப்பதால் தள்ளுபடி. என் அறிக்கை தெளிவாகத்தான் இருக்கும்.

ஜூலை 11

அலமாரியின் மேல்தட்டு உடைந்து, கீ நூல் கீழே விழுந்தது. உடைந்த இடம் ரஸ்க் மாதிரி பொலபொலவென்று இருக்கிறது. உள்ளே துளைகள். ஒரு துளையிலிருந்து வண்டு தலையை நீட்டியது.

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கூடத்துக்குக் கொண்டுபோய் முறைப்படி கீயில் நடத்தினேன். அதே படிகள். அதே இடத்தில் நீளம் இடித்தது. அதே பெயர்.

ஊருக்குள் பரவிவிட்டது! கிட்டங்கியிலிருந்து என் அறைக்கு வந்திருக்கிறது. ஒருவேளை என் சட்டையிலேயே வந்திருக்கலாம். இது முதல் பதிவைவிடப் பெரிய செய்தி. பேராசிரியருக்கு மெயில் எழுத ஆரம்பித்தேன். எப்போதிலிருந்து பரவல் என்று ஒரு வரி வேண்டும். அதை மட்டும் அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டு அனுப்பலாம்.

ஜூலை 12

கேட்டேன்.

“அலமாரியா? நம்ம ஊரு மாம்பலகைதான் தம்பி. மூத்தவ பொறந்த வருசம் ஆசாரிகிட்டச் சொல்லி அடிச்சது. அவ இப்ப காலேஜ் போறா.”

“இந்தப் பூச்சி எப்ப வந்துச்சு?”

“அது ஆதியிலேருந்தே இருக்கு. வருசா வருசம் மண்ணெண்ண தடவுவேன், கொஞ்ச நாள் அடங்கிக் கிடக்கும். இந்தத் தடவ மறந்துபோச்சு. வேற அலமாரி தரட்டா?”

வேண்டாம் என்றேன்.

மேலே வந்து கீ நூலின் முன்னுரையைத் திறந்தேன். கிழவர் சிவப்பில் இரண்டு தடவை கோடு போட்ட வரி இது: “இக்கீ மெக்சிகோவுக்கு வடக்கே வாழும் இனங்களுக்கு மட்டுமே. வேறு நிலத்து வண்டை இதில் நடத்தினாலும் ஒரு பெயர் வந்து சேரும். அந்தப் பெயருக்குப் பொருள் இல்லை.”

நான் எந்தப் படியிலும் தவறு செய்யவில்லை. இதைப் பதிவு செய்துவைக்கிறேன். முட்கள் இருந்தன, ஆமாம் என்றேன். கணுக்கள் மூன்று, மூன்று என்றேன். அமெரிக்க மரத்தில் இருந்தது அமெரிக்க வண்டு என்று எடுத்துக்கொள்வது நியாயமான அனுமானம்தான். பக்கத்தில் மாம்பலகைப் பெட்டிகளை அடுக்கியது நானா?

மெயிலை அனுப்பவில்லை.

ஜூலை 14

“சார், ஒரு அறிக்கையைக் கொடுத்தபிறகு திருத்த முடியுமா?”

“எதுக்கு?”

“சும்மா, தெரிஞ்சுக்க.”

“சும்மா கேக்குத மூஞ்சி இல்லையே இது.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “முடியும். ஒரு தாள் போதும். அடையாளம் தவறு, வாபஸ்னு எழுதி நீ கையெழுத்துப் போடு. கீழ நானும் போட்டாகணும். அதுக்கப்புறம் இந்தக் கூடத்துக்கு எவனும் சரக்கு அனுப்பமாட்டான். நீயும் நானும் வீட்ல இருக்கலாம். எனக்குப் பரவால்ல, நான் அடுத்த வருசம் ரிட்டயர்டு. எழுதுதியா?”

“இல்ல சார். சும்மா கேட்டேன்.”

“சரி” என்றார். நான் கதவு வரை போனபிறகு, “இருபதாம் தேதி வரைக்கும் என் பேனாவுல மை இருக்கும்” என்றார்.

ஜூலை 15

பேராசிரியரிடமிருந்து மெயில். மாதிரிகள் சேர்ந்துவிட்டனவாம். அவர் தரைவண்டுகளில் நிபுணர், இந்தக் குடும்பம் அவருக்குப் பழக்கமில்லையாம். “உங்கள் அடையாளத்தை நம்புகிறேன்” என்று எழுதியிருக்கிறார். இடம் எனக்குத்தான். விசாவுக்கான தாள்களை ஆரம்பிக்கச் சொல்கிறார்.

ஜூலை 16

தலைவலி. லீவு.

ஜூலை 17

தாள் எடுத்துவைத்தேன். தேதி எழுதினேன். பவர்கட்.

ஜூலை 18

கரண்ட் இருந்தது. துணி துவைத்தேன்.

ஜூலை 19

மழை வந்தால் எரிப்பைத் தள்ளிவைப்பார்கள் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். இந்த ஊரில் ஜூலையில் என்றைக்கு மழை பெய்திருக்கிறது?

ஜூலை 20

உப்பளத்துக்கு அப்பால் ஒரு பொட்டல். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். வேதரத்தினம் சார் வரவில்லை.

ஆஷ் மரம் சீக்கிரம் பற்றிக்கொள்கிறது. வெளுத்த பலகைகள், நேர் நேரான ரேகை. மச்சாது அக்கா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அவருடைய அறுவை ஆட்கள் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள்.

“நல்ல மரம் தம்பி” என்றார். “புகைகூட எப்படி மணக்குது பாருங்க. இதுல மாதா முன்னால முழங்கால் போட்டா எப்படி இருந்திருக்கும்.”

என் சட்டைப் பையில் தேதி மட்டும் எழுதிய தாள் இருந்தது. அதிகாரி சாட்சிப் படிவத்தை நீட்டினார். அடியில் வைத்து எழுத ஏதாவது வேண்டும் என்றார். அந்தத் தாளை நாலாக மடித்து அடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 6

மெஸ் மீன்குழம்பு கெட்டுப்போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது, எல்லோரும் சாப்பிட்டார்கள்.

கொடியேற்றம் முடிந்ததாம். புதுக் கோயிலில் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். பெஞ்சு ஆர்டர் கொச்சிக்காரர்களிடம் போய்விட்டது. மரவாடியில் ஒரு ரம்பம்தான் ஓடுகிறதாம். வேதரத்தினம் சார் இதையெல்லாம் என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ஆகஸ்ட் 19

கட்டுரை ஏற்கப்பட்டது. அட்டவணை நூலுக்கு அடுத்து வரப்போகும் இணைப்பில் இந்த இனத்துக்கு நேராக “தென்னிந்தியாவில் நுழைந்துள்ளது” என்று ஒரு வரி சேர்க்கப் பேராசிரியர் ஏற்பாடு செய்திருக்கிறாராம். இனி எவன் தேடினாலும் அந்த வரி இருக்கும். என் பெயர் அடைப்புக்குறிக்குள்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். வேதரத்தினம் சார் வாழ்த்துச் சொல்லவில்லை. தாளை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தத் தாள மட்டும் எழுதிட்ட” என்றார்.

ஆகஸ்ட் 26

மச்சாது அக்கா வந்தார். கிட்டங்கி ரசீது ஏதோ பாக்கியாம். ரசீதை வாங்கிய பிறகும் போகவில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அமெரிக்கா போறியளாமே.”

“ஆமா.”

“அங்கருந்து மரம் இங்க வரக்கூடாது. இங்கருந்து நீங்க அங்க போலாம். நல்ல சட்டம்.”

நான் எழுதிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தேன்.

“வருத்தப்படாதிய, சண்டைக்கு வரல. நீங்க ஒங்க வேலையப் பாத்திய. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பூச்சிய ஒரு தடவ காட்டுங்க.”

“எதுக்கு?”

“எதுக்கா? என் பொழப்பத் தின்ன மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கத்தான். அப்பா காலத்துலேருந்து மரத்துலதான் கெடக்கேன். நூறு பூச்சி பாத்திருப்பேன். இத மட்டும் யாரும் காட்டல.”

டிராயரில் குழாய் இருந்தது. கண்டெய்னரில் பிடித்ததில் அனுப்பாமல் வைத்தவை ஆறு, அலமாரியில் பிடித்தது ஒன்று.

“எல்லாத்தையும் அமெரிக்காவுக்கு அனுப்பியாச்சு.”

“ஒண்ணுகூட வச்சுக்கலயா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“படமாச்சும் இருக்கும்லா?”

கீ நூல் மேசையில் இருந்தது. அந்த இனத்தின் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். நல்ல படம். கறுப்பு, நீள உடல், முட்கள் தெளிவாகத் தெரியும். அக்கா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ம்ஹூம்” என்றார். “இத நான் பாத்ததே இல்ல தம்பி.”

“ஆமா.”

“நம்ம ஊர்ல கிடையாது. சத்தியமா கிடையாது.” கண்ணாடியைக் கழற்றினார். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. “அப்ப சரிதான். அநியாயமா எரிச்சுட்டாங்களோன்னு ஒரு நெனப்பு உள்ளுக்குள்ள கெடந்து அரிச்சுட்டே இருந்துச்சு. பாத்தது நல்லதாப் போச்சு.”

எழுந்தார். புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளியவர், கையைப் பார்த்தார். அட்டையில் இருந்த மாவு விரலில் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார்.

“தம்பி, புத்தகம் வைக்கிற பலகையில பூச்சி விழுந்திருக்கு. மாம்பலகையா? நம்ம ஊரு சனியன்தான், ஒண்ணும் பயப்படாண்டாம். மண்ணெண்ண தடவுங்க, போயிரும்.”

ஆகஸ்ட் 27

மண்ணெண்ணெய் வாங்கவேண்டும்.